எருமைக்குப் போன மாத்திரை

நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை மாமியார் பழனியாத்தாள் தவிட்டில் பிசைந்து சினை எருமைக்கு வைப்பதை அன்புச்செல்வி பார்த்துவிட்டாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். ரத்தம் குறைவு, பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து என்று சூலூர் ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள்.

“ஏனுங்க அத்தை, அது என்ற மாத்திரைங்க, நர்ஸம்மா எனக்குக் குடுத்தது.”

“அதத் தின்னா வெளிக்கே கருப்பாப் போகுதுன்னு நீதான சொன்னே. கொழந்தையும் கருப்பாப் பொறக்கோணுமா? எருமைக்கன்னு கருப்பாப் பொறந்தா கேக்க ஆளில்ல.”

“நீங்க ஒரு மாத்திரையும் முழுங்குனதில்லீங்களே. உங்க பையன் என்ன நெறம்னு பாத்தீங்களா?”

பழனியாத்தாளின் கை தவிட்டிலேயே நின்றது. “வாய் நீளுது உனக்கு.”

அன்புச்செல்வி பக்கத்தில் கிடந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து, ஒன்றை மாமியாரின் கண்ணெதிரே விழுங்கினாள். மீதியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இனி எருமைக்கு வேணும்னா நர்ஸம்மாகிட்ட நீங்களே போய்க் கேளுங்க.”