பதினோரு ஆணி

கொத்தனார் சுருளிவேல் மொட்டை மாடியில் குத்தவைத்து, தட்டோடுகளின் மேல் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். வட்டங்கள் கூடக் கூட, செல்வமணி கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டே போனான்.

தேனியில் அந்தக் கட்டடத்துக்கு நாலு சொந்தக்காரர்கள். தரைத்தளம் செல்வமணியுடையது, பஜாரில் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். முதல் மாடி, கட்டடத்தின் சங்கச் செயலாளர் ஜெபராஜ். இரண்டாம் மாடிக்காரருக்குக் கட்டப்பனையில் ஏலக்காய் வியாபாரம். நீங்கள் முடிவு செய்வது எனக்கும் சம்மதம் என்று போனிலேயே சொல்லிவிட்டார். மூன்றாவது மாடி அருள்செல்வி டீச்சருடையது. போன ஐப்பசியில் அவள் வீட்டுக் கூரை ஒழுகியதிலிருந்து, கட்டில் கிடந்த இடத்தில் வாளிகள்தாம் கிடக்கின்றன. அடுத்த மழைக்கு இன்னும் இருபது நாள்.

மராமத்துக்குத் தொண்ணூற்றிரண்டாயிரம். ஆளுக்கு இருபத்து மூவாயிரம் என்று ஜெபராஜ் போன கூட்டத்தில் பிரித்தபோது, தரைத்தளத்துக்காரனுக்கு மொட்டை மாடி எதற்கு என்று மல்லுக்கு நின்றவன் செல்வமணி. மழை பெய்தால் நான் என்ன குடை பிடித்தா தூங்குகிறேன் என்று ஒரு நக்கல் வேறு. டீச்சர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சுருளிவேல் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எவனோ ஆணி அடிச்சிருக்கான்யா. காங்கிரீட் வரைக்கும் எறங்கியிருக்கு. பத்து எடம். முழுச் செலவையும் அடிச்சவன் தலையில கட்டணும்."

டிஷ் மாட்ட வந்தவனாக இருக்கும் என்றார், நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்ற ஜெபராஜ்.

போன வருஷம் சித்திரையில் செல்வமணி இங்கேதான் இலவம்பஞ்சு காயப் போட்டான். பஞ்சு பறக்காமலிருக்க மேலே விரித்த வலையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் ஆணியடித்து வலையைக் கட்டினான். பதினோரு ஆணி. பஞ்சை அள்ளியதும் பிடுங்கிவிட்டு, சிமெண்டைக் குழைத்துப் பூசினான். யாரும் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்ற நிம்மதி, வட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்ற டீச்சரைக் கண்டதும் போய்விட்டது. இந்தத் தரைக்குக் கீழேதான் அவள் வீடு. அன்றைக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்திருப்பாள். ஒவ்வோர் அடியும் அவள் தலைக்கு மேல்தான் விழுந்திருக்கும். அவன் குடை நக்கல் பேசியபோதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஒரு பைசா தர வேண்டியதில்லை. இருபத்து மூவாயிரம் என்பது அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒன்றரை மாதச் சம்பளம்.

அவள் ஜெபராஜ் பக்கம் திரும்பினாள். "நாலாவே போடுங்க சார். என் பங்க வெள்ளிக்கெழம தந்துர்றேன்."

கீழே ரோட்டில் ஒரு டவுன் பஸ் போய் மறைந்தது. விலை ஏறட்டும் என்று சரக்கைப் பதுக்குகிறவர்களைச் செல்வமணி பஜாரில் நிறையப் பார்த்திருக்கிறான். எந்த விலைக்கும் விற்க மாட்டேன் என்று ஒன்றை உள்ளே வைத்திருக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறான். எத்தனை கூட்டம் அவள் எதிரில் உட்கார்ந்து சத்தம் போட்டிருப்பான்.

"ஆணி நான் அடிச்சது" என்றான். "முழுச் செலவும் எனக்கு."

ஜெபராஜ் பேனாவை மூடினார். "ஏலே, குடை பிடிச்சா தூங்குறேன்னு கேட்டியே. ஓட்டையப் போட்டதே நீதானா?"

டீச்சர் சிரிக்கவில்லை. "முழுசும் வேணாம் அண்ணாச்சி. ஓடும் பழைய ஓடுதான். பாதிய நீங்க ஏத்துக்கங்க, மீதிய நாங்க மூணு பேரும் பாத்துக்கிறோம்." பிறகு கொத்தனாரிடம், "பத்தில்ல, பதினொண்ணு" என்றாள்.

சுருளிவேல் செல்வமணியைப் பார்த்தார். அவனுக்கு எண்ணிக்கைதான் ஞாபகம் இருந்தது, இடம் இல்லை.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே தன் வீட்டுக்குள் நடப்பதுபோல் நடந்தாள். "இது வாசல். இது ஹாலு." சுவர் இல்லாத இடத்தில் சுவருக்காகத் திரும்பினாள். "இங்கன அடுப்படி." தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பாசி படர்ந்த ஒரு தட்டோட்டின் மேல் கால் பெருவிரலை ஊன்றி நின்றாள். மேற்கே மலையில் மேகம் பாதி இறங்கியிருந்தது. சுருளிவேல் வந்து அவள் காலருகே குனிந்து பாசியைச் சுரண்டத் தொடங்கினார். அவர் முடிக்கும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.