சீல் இல்லாத சீட்டு

மூன்றே நாளில் ஒரு ஊரைக் குணமாக்கிவிடலாம் என்று கடல் தாண்டி வந்து இறங்கியிருந்தது சபைக் குழு. பதினோரு பேர், பதினேழு பெட்டி மருந்து, ஒரே ஒரு டாக்டரம்மா. முகாம் நடந்தது விடுமுறை விட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். முதல் அறையில் டாக்டரம்மா, நடு அறையில் ஜெப மேசை, கடைசி அறையில் மருந்து மேசை. மருந்து மேசையில் மருந்தக்கா. சொந்த ஊரில் இருபது வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறவள். எப்பேர்ப்பட்ட கோழிக்கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள்.

முதல் நாளே ஒரு வில்லங்கம். வந்த ஜனம் டாக்டரம்மாவைப் பார்த்தது, வராந்தா வழியாக நேரே மருந்து மேசைக்கு வந்தது, வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியது. ஜெப மேசைப் பக்கம் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர் மருந்தக்காவின் சித்தப்பா. வாயைத் திறந்தால் ஆதாமில் ஆரம்பித்துத்தான் முடிப்பார் என்பதால் சபையில் அவருக்கு நீளஜெபம் என்று பெயர். மனுஷன் சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். குழுவைக் கூட்டி வந்த போதகருக்கோ, ஊருக்குப் போய் அறிக்கையில் என்னத்தை எழுதுவது என்ற கவலை.

"இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைச்சுக்கறீங்க?" என்றாள் மருந்தக்கா. "டாக்டரம்மா எழுதிக் கொடுக்கிற சீட்டு மூலைல ஒரு கட்டம் போடுவோம். சித்தப்பா ஜெபம் பண்ணிட்டு அதுல சீல் குத்தட்டும். சீல் இல்லாம வந்தா நான் மருந்து கொடுக்க மாட்டேன்."

போதகர் அவளை மூளைக்காரி என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பொய் சொல்வானேன், அன்றைக்குச் சாப்பாடுகூட ஒரு வாய் கூடுதலாகவே இறங்கியது.

மறுநாள் எல்லாம் கச்சிதம். குறுக்கே வந்த நாலைந்து பேரை மருந்தக்கா விரட்டிய விரட்டில் மற்றவர்கள் கப்சிப்பென்று வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பெண் வராந்தா வழியாக ஓட்டமும் நடையுமாக வந்து சீட்டை நீட்டினாள். தோளில் துணியில் சுற்றிய குழந்தை. ஒரு வயசுகூட ஆகியிருக்காது. மருந்தக்காவின் கண் நேரே மூலைக்குப் போனது. கட்டம் காலி.

"சீல் இல்லியே. அங்க போயிட்டு வரச் சொல்லுங்க டீச்சர்."

மொழிபெயர்க்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர் டீச்சர் தயங்கினார். "குழந்தை ரொம்ப வாடிக் கெடக்குங்க."

"எல்லாம் வாடித்தான் வருது. ஒருத்தருக்கு விட்டா அத்தனை பேரும் அதையே செய்வாங்க."

அந்தச் சீட்டின் நடுவில் டாக்டரம்மா இரண்டே வார்த்தை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார். உடனே ட்ரிப். ட்ரிப் பாட்டில் மருந்தக்காவின் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஊசி குத்த நர்ஸ் பக்கத்திலேயே இருந்தாள். இருபது வருஷம் சீட்டுப் படித்த கண், பாழாய்ப்போன கண், அன்றைக்கு மூலையைத் தாண்டவில்லை.

அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் போய் ஜெப வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினான்கு பேர். நீளஜெபம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவருக்காகவும் மனசார மன்றாடினார். அவர் பேரில் குற்றமில்லை, அவர் கையில் இருந்தது சீல் மட்டும். நடுவில் இரண்டு தடவை மருந்தக்கா நிமிர்ந்து பார்த்தாள். வரிசை ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. திருப்தியாகக் குனிந்து மாத்திரை எண்ணினாள்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் திரும்ப வந்து சீட்டை நீட்டினாள். சீல் பளிச்சென்று விழுந்திருந்தது. இப்போதுதான் மருந்தக்கா மற்றதைப் படித்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு, "நர்ஸ், சீக்கிரம் வா" என்று எழுந்தாள். நர்ஸ் துணியை விலக்கினாள். குட்டிக் கையைப் பிடித்து நரம்பு தேடினாள். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். அப்புறம் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"போயிடுச்சுக்கா."

விஷயம் கேட்டு டாக்டரம்மா ஓடி வந்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மருந்தக்காவைப் பார்த்தார். "அப்பவே ஓடச் சொல்லி அனுப்புனேனே. ஒரு மணி நேரமா பிள்ளை எங்க இருந்துச்சு?"

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கர்த்தருடைய சித்தம்..." என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருங்கய்யா," என்றாள் மருந்தக்கா. அவரிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. டீச்சரிடம் மெல்ல ஏதோ சொன்னாள். டீச்சர் அதைச் சொல்ல முடியாமல் திணறினார்.

"முதல்ல வரிசை மாறி வந்துட்டாங்களாம். அதுக்குத்தான் இப்படி ஆச்சுன்னா மன்னிச்சிடச் சொல்றாங்க."

மருந்தக்காவும் தரையில் உட்கார்ந்தாள். "அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க சரியான எடத்துக்குத்தான் வந்தாங்க. நான்தான் சீட்டைப் படிக்காம திருப்பி அனுப்புனேன். சீல் வேணும்னு சட்டம் போட்டதும் நான்தான். சொல்லுங்க டீச்சர். மழுப்பாம அப்படியே சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை மருந்தக்கா தலை நிமிரவில்லை. கன்னத்தில் ஒரு அறை விழுந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினாள். பிறகு ஜெப மேசைப் பக்கம் ஒரு தடவை, டாக்டரம்மாவின் அறைப் பக்கம் ஒரு தடவை கையைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் மருந்தக்கா.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூத்தது வீட்டுல படுத்திருக்காம். அதுக்கும் நேத்துலேர்ந்து வயித்தால போகுதாம். கூட்டிட்டு வந்தா எந்த வரிசைல நிக்கணும்னு கேக்குறாங்க."