எழுபத்திரண்டு சஹன்

சமையல்காரர் பஸால் மூன்றாவது சோற்றுக் கிடாரத்தின் மூடியைத் தூக்கியதும் முஸ்தாக் கிட்டப் போய் எட்டிப் பார்த்தான். இன்னும் இரண்டு கிடாரங்கள் மூடியபடியே இருந்தன.

"இது எத்தின பேருக்கு?"

"நீங்க சொன்னதுதான் மாஸ்டர். எழுவத்திரண்டு சஹன்."

ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்படியானால் நானூற்று முப்பத்திரண்டு பேருக்குச் சோறு. ஆனால் சற்றுமுன் மனைவி அப்னா பெயர்களை வாசித்து எண்ணியபோது விருந்தாளிகளே எழுபத்திரண்டு பேர்தான். பன்னிரண்டு சஹன் போதும்.

முஸ்தாக் கல்முனைக்கு மருமகனாக வந்து மூன்று மாதம். மாமனார் அபுல் ஹஸன் மக்காவுக்கு உம்ரா போகுமுன் கொடுக்கும் இந்த விருந்துதான் அவனை நம்பிக் கொடுத்த முதல் வேலை. பயண வேலையாகக் கொழும்புக்குப் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் '72' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். தன் கல்யாணப் பேச்சு முழுக்கச் சஹன் கணக்கிலேயே கேட்டிருந்த முஸ்தாக், இதையும் சஹன் என்றே எடுத்துக்கொண்டான். சஹனுக்கு ஒரு கிலோ அரிசி, கிலோ இருநூற்று அறுபது ரூபாய். விகிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அலகு எழுதாத விடைக்குப் புள்ளி கிடையாது என்று டியூஷன் பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறவன், அலகு இல்லாத அந்த எண்ணை அப்படியே வாங்கிக்கொண்டான். கூடுதலாகப் போனது அரிசியில் மட்டும் பதினையாயிரத்து அறுநூறு. இறைச்சியைப் பெருக்கிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

அபுல் ஹஸன் கொழும்பிலிருந்து வந்து ஐந்து கிடாரங்களையும் பார்த்தார்.

"மாமா, என்ட பிழைதான்."

"சோறு வீணாப் போகப்படாது மகன். ளுஹர் தொழுகைக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் இரிக்கி. ஊருக்குச் சொல்லுவம்."

"அப்ப எதிர் ஊட்டுக்கு?" என்றாள் அப்னா.

எதிர்வீடு அபுல் ஹஸனின் தங்கை லைலாவுடையது. வயல் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் ஆறு வருடமாகப் பேச்சில்லை. உம்ரா போகிறவர் வழக்கப்படி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டார், அந்த ஒரு வாசலைத் தவிர. முழு ஊரையும் கூப்பிட்டுவிட்டு அந்த வாசலைக் கடந்து போக முடியாது. சொல்லாத வீட்டுக்குச் சோறு கொடுத்தனுப்பவும் முடியாது. அவரே போய்ச் சொல்ல வேண்டும்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். முஸ்தாக் பின்னால் போனான்.

லைலா கதவைப் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தார். "காக்கா, சோறு மிஞ்சினதுக்கா வந்தீங்க?"

முஸ்தாக் கண்ணை மூடிக்கொண்டான். எல்லாம் தன்னால்தான்.

"ஓம் தங்கச்சி. மிஞ்சித்தான் வந்த நான்." என்றார் அபுல் ஹஸன். "மிஞ்சாட்டி வந்திரிக்க மாட்டன். அதையும் சேத்து மன்னிச்சிரு."

தங்கை கதவிலிருந்து கையை எடுத்தார்.

"எத்தின சஹன் மிச்சம்?"

"அறுவது."

தங்கையின் கை வாய்க்குப் போனது. "அறுவதா? ஆரு இந்தக் கணக்குப் பாத்த?"

அபுல் ஹஸன் பின்னால் கையைக் காட்டினார். லைலா முஸ்தாக்கை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரா கணக்கு மாஸ்டர்? நல்லாத்தான் தேடிப் புடிச்சிரிக்கீங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எங்கட ஊட்டுல புள்ள, பேரப்புள்ள எல்லாம் சேத்து முப்பத்தாறு பேர். ஆறு சஹன் வைங்க. மத்தத நான் தெருவுக்குச் சொல்றன்."

மாலையில் கிடாரங்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. முஸ்தாக் மாமியார் ஆயிஷா உம்மாவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அரிசி மூட்டைகளை இரண்டு நாளைக்கு முன் களஞ்சிய அறையில் இறக்கி வைத்ததே மாமிதான்.

"மாமி, மூட்டைகளக் கண்டீங்கதானே?"

"கண்ட நான்."

"ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

ஆயிஷா உம்மா கிடாரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கணக்கு மாஸ்டரோட நான் என்னத்தக் கதைக்கிற மகன்?"