இடம் கொடுத்த சதை

கட்டி புளியங்கொட்டை அளவுதான். அதற்குப் போய் இத்தனை சதையை ஏன் வெட்டவேண்டும் என்று புருஷோத்தமனுக்குப் புரியவில்லை. கட்டி இருந்தது அவன் பெண்டாட்டி திரௌபதிக்கு. அவளோ டாக்டர் அறைக்குள் இன்னொரு முறை வரமாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீயே கேட்டுக்கினு வா" என்று அவனை அனுப்பியிருந்தாள்.

டாக்டர் அனுஷியா சின்ன வயசுக்காரி. வெளியே கூட்டம் நெருக்கியது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள்.

"கட்டி தனியா வளர்றதில்லைங்க. சுத்தி இருக்கிற நல்ல சதையும் அதுக்கு வேலை செய்யுது. புது ரத்தக்குழாய் வரவழைச்சுத் தருது. நார் நாரா இழுத்துக் கட்டி, அது ஊர்ந்து போறதுக்குப் பாதை போட்டுத் தருது. அதனாலதான் கட்டியை மட்டும் எடுத்தாப் போதாது, சுத்துச் சதையையும் சேர்த்து எடுக்கணும். நாளைக்குக் காலையில வந்து சேர்த்துடுங்க."

புருஷோத்தமன் தலையாட்டிவிட்டு வந்தான். டாக்டர் சொன்னது முழுக்கப் புரிந்துவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வராந்தாவில் வரிசை வரிசையாக நோயாளிகள். கைக்குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, உப்பளத்தில் வரப்புக்கு வரப்பு கூப்பிடுகிற அதே குரலில் சொன்னான்:

"கட்டி மேல மட்டும் தப்பில்லியாம். சுத்தி இருக்கிற சதை அதுக்கு இடம் கொடுத்துடுச்சாம். இடம் கொடுக்காம அது வளராதாம்."

எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரௌபதி முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள்.

"இதுக்கும் நான்தான் இடம் கொடுத்தேனா?"

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாள். பாண்டியிலிருந்து ஊருக்குப் போகிற மரக்காணம் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள்.

அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பி வந்தது என்பது பஸ் கோட்டக்குப்பம் தாண்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

போன வருஷம், சுனாமி வந்து உப்புப் பாத்தியிலெல்லாம் சேறடித்துவிட்டுப் போயிருந்த சமயம். மேஸ்திரி அரசப்பன் ஒருத்தன்தான் ஆட்களுக்கு வேலை கொடுத்தான். பெண்களின் தலைக்கு உப்புக் கூடையைத் தூக்கிவிடும் சாக்கில் அவன் கை எங்கெங்கோ போகும். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் திரௌபதி நிறைகூடை உப்பை அப்படியே அவன் காலில் கவிழ்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த புருஷோத்தமன் பலகையை வைத்துவிட்டு ஓடிவந்தான். புருஷன் வருகிறான் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். வந்தவன் பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான்:

"நீ இடம் கொடுக்காமலா அவரு கை நீட்டுனாரு?"

அரசப்பன் சிரித்துக்கொண்டே அவன் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனான். அவனும் போனான். டீயையும் குடித்தான்.

அதற்குப் பிறகு திரௌபதி சோறு போட்டாள், துணி துவைத்தாள், வேலைக்கு வந்தாள். பேச்சு மட்டும் கேட்டதற்குப் பதில் என்று ஆகிவிட்டது. இடது மார்பில் கட்டி இருப்பதையும் அவனிடம் சொல்லவில்லை. கூடையைத் தூக்கும்போது அவள் முகம் சுளிப்பதைப் பார்த்து, கூட வேலை செய்கிற குப்பம்மாள்தான் அதட்டிக் கேட்டு வெளியே கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நேரத்தில், திரௌபதி உப்பளத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். புருஷோத்தமன் தனியாகப் பாண்டிக்குப் பஸ் ஏறினான்.

டாக்டர் அனுஷியா அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எங்கே அவங்க?"

"வரமாட்டேங்கிறாங்க மேடம். ஒண்ணு கேக்கணுங்க. அந்தச் சதை... தெரிஞ்சேதான் கட்டிக்கு இடம் கொடுக்குதுங்களா?"

டாக்டர் சிரிக்கப் போனவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இல்லைங்க. கட்டி அதை ஏமாத்துது. இங்க ஒரு புண்ணு இருக்கு, ஆத்து ஆத்துன்னு கட்டி பொய் சொல்லிக்கிட்டே இருக்கும். சதை அதை நம்பிடும். புண்ணு ஆத்தறதுக்கு என்னென்ன செய்யணுமோ எல்லாம் செய்யும். ரத்தத்தைக் கொண்டாரும், நார் பின்னும். நிஜப் புண்ணுன்னா ஆறினதும் நிறுத்திடும். இங்க புண்ணே இல்லையே, எப்ப நிறுத்தும்?"

"அப்ப சதை மேல தப்பில்லீங்களா?"

"தப்பா? பாவங்க அது. வைத்தியம் பண்றோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு." டாக்டர் பேனாவை மூடினாள். "முதல் நாள் உங்க வீட்டம்மா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. யாராவது கை வெச்சு அழுத்தினா இந்த மாதிரி வருமான்னு. வரவே வராதுன்னு சொன்னேன். நம்பின மாதிரி தெரியலை. யாருன்னு நான் கேக்கலை."

அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகுதான் புருஷோத்தமன் வெளியே வந்தான்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. சதையாவது ஏமாந்தது. அவன் எதில் ஏமாந்தான்? அரசப்பனின் கை போனதை அன்றைக்கு அவன் கண்ணாலேயே பார்த்தான். பார்த்த பிறகுதான் பலகையை வைத்துவிட்டு ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில்தான் யாரைக் கேட்பது என்று முடிவு செய்தான்.

உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. உப்பைக் குவிக்கும் அம்பாரத்தின் பக்கம் பெண்கள் வரிசையாகக் கூடை கொட்டிக்கொண்டிருந்தார்கள். அரசப்பன் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தான். புருஷோத்தமன் திரௌபதியின் அருகே போய்க் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"டாக்டரைப் பாத்துட்டு வர்றேன். சதை மேல தப்பே இல்லியாம். கட்டிதான் அதை ஏமாத்துதாம். நான்தான் தப்பா சொல்லிட்டேன். கை பட்டதாலயும் வராதாம். வா, போயிடலாம்."

திரௌபதி கூடையைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நேத்து ஆஸ்பத்திரியில அத்தினி பேரு முன்னாடி கத்துன. போன வருசம் இதே அம்பாரத்தாண்ட கத்துன. இப்ப மட்டும் இன்னாத்துக்குக் காதுல பேசுற?"

அவள் அடுத்த கூடைக்குக் கிளம்பினாள். அவள் இடது கை கூடையைப் பிடிக்காமல் தொங்கிக்கொண்டு போவதை அவன் பார்த்தான்.

"போன வருசம் நான் சொன்னது பொய்" என்றான். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

"இன்னாடா முணுமுணுக்கிற?" என்றாள் குப்பம்மாள். "எனக்குக் காது மந்தம். பொண்டாட்டியத் திட்டும்போது நல்லாத்தான் கேட்டுது."

யாரோ சிரித்தார்கள். புருஷோத்தமன் மூச்சை இழுத்துக் கத்தினான். இந்தமுறை எல்லாப் பாத்திக்கும் கேட்டது.

"போன வருசம் நான் சொன்னது பொய்! திரௌபதி யாருக்கும் இடம் கொடுக்கல. மேஸ்திரிதான் கை நீட்டுனாரு. நான் பாத்தேன். பாத்துட்டு, அவரு வாங்கிக் கொடுத்த டீயைக் குடிச்சேன். இடம் கொடுத்தது நான்தான்!"

வாரிக்கொண்டிருந்த பலகைகள் ஒவ்வொன்றாக நின்றன. அரசப்பன் எழுந்து குடையை மடக்கினான்.

"ஏம்பா புருசோத்து, வெயிலு மண்டையில ஏறிடுச்சா? நாளையிலேருந்து நீ வேலைக்கு வராத."

"அவன் வந்தா வர்றான், வராட்டிப் போறான்" என்றாள் குப்பம்மாள். "நீ இனிமே கூடை தூக்கிவுட வராத. நாங்களே ஒருத்திக்கொருத்தி தூக்கி வுட்டுக்கிறோம்."

அரசப்பன் மற்ற ஆண்களைப் பார்த்தான். அவர்கள் வழக்கம்போலப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷோத்தமனும் நேற்று வரைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் நிமிர முடியவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை, அது எவ்வளவு கனம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது, அவ்வளவுதான்.

திரௌபதி காலிக் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். காலில் அப்பியிருந்த உப்பை வரப்போரத் தண்ணீரில் அலசினாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இன்னிக்கே போனா சேத்துக்குவாங்களா?"

"சேத்துக்குவாங்க. அந்த மேடம் சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க."

"குப்பம்மாக்கா, நீ என்கூட வர்றியா? உள்ள வந்து பக்கத்துல நிக்கணும்."

"வராம? நட."

இரண்டு பெண்களும் வரப்பில் முன்னால் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் திரௌபதி திரும்பாமலேயே சொன்னாள்:

"வீட்ல பை வெச்ச இடத்துலேயே இருக்குது. அதை எடுத்துக்கினு பின்னாடி வா."

அவன் பின்னாலேயே போனான்.