ஐயா உள்ளே இருக்கிறார்

எங்கள் நீதிபதி இன்று உட்காரமாட்டார் என்று எழுதி அறைக் கதவில் நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற வக்கீல்கள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. படிக்காமல் வந்தவர்களுக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்! ஐயாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்கள் இரண்டே பேர். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் கண் திறந்திருக்கிறது, பேச்சுதான் இல்லை என்றேன். அவர் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டு எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா நான். அவரிடம் வாங்காத திட்டு இல்லை. அந்தத் திட்டு இல்லாத காலை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நீதிபதி வரவில்லை என்பதற்காக உயர் நீதிமன்றம் நின்றுவிடாது. ஜாமீன் கட்டுகள் பக்கத்து அறைக்குப் போகும், மற்றவற்றுக்கு வேறு தேதி விழும். தலை போகிற அவசரம் என்பவர்கள் பக்கத்து அறையில் எழுந்து நின்று முறையிடலாம். பாதி கேட்ட வழக்குதான் தலைவலி. கேட்டவரே முடிவு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இன்னொருவர் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

அப்படியொரு வழக்கின் தாயும் மகளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை தகப்பனுக்குத்தான் என்று கீழ்க் கோர்ட்டு சொல்லியிருந்தது. எங்கள் ஐயா அதற்குப் போட்ட தடை இன்று மாலையோடு முடிகிறது. இரவு விமானத்துக்கு மகளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டு, சட்டை மடிப்புக் கலையாமல் எதிரே நின்றுகொண்டிருந்தான் அந்த மனிதன். நேற்று ஐயா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தன் அறையில் குழந்தையிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்தவர் முகம் சரியில்லை. நாளைக்கு உத்தரவு என்று மட்டும் சொன்னார். அவள் என்ன சொன்னாள் என்பது அவரோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது.

பக்கத்து அறை நீதிபதி அம்மா கறாரானவர். இன்னொருவர் வழக்கில் கண்ணை மூடிக்கொண்டு தடையை நீட்ட முடியாது, குழந்தையை நானே கேட்கிறேன் என்று உள்ளே அழைத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். குழந்தை வாயே திறக்கவில்லையாம். மதிய இடைவேளை முடிவதற்குள் பேசவில்லை என்றால் தன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். தாய் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். குழந்தை என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

“தாத்தாகிட்ட சொல்லிட்டேன். இனிமே யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு அவர்தான் சொன்னாரு.”

ஐயா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். அந்த நல்ல மனசை என்னவென்று சொல்வது! எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கைகழுவ வைக்கலாம் என்று அவளை ஐயா அறைப் பக்கமாகக் கூட்டிப்போனேன். கதவுக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐயா உள்ளே இருந்தால்தான் அது எரியும். அவருக்கு முன்னால் கோல் பிடித்து நடக்கும் டவாலி, வழக்கம்போல வாசலில் விறைப்பாக நின்றார். ஆளில்லாத அறைக்கு எதற்கண்ணே லைட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“காலைல வந்ததும் கை தானா போட்டுடுச்சும்மா. இப்ப அணைக்க மனசு வரல. அணைச்சா அவரு போயிட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்.”

குழந்தை அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள். நான் பிடிப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மின்விசிறி சுற்றியது. மேஜையில் தண்ணீர் மூடி வைத்திருந்தது. அதையும் டவாலி அண்ணன் கைதான் வைத்திருக்கும். அவள் தேடவில்லை, ஏமாந்து திரும்பவும் இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, எதிரே பார்த்துக் காலை ஆட்ட ஆரம்பித்தாள். வெளியே இழுத்து வரத்தான் போனேன். ஆனால் என் கால் நீதிபதி அம்மாவின் அறைக்குத்தான் ஓடியது.

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்தார். வாசலில் விளக்கைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் உள்ளே போய், குழந்தைக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டார். கதவை முழுக்கச் சாத்த எனக்குக் கை வரவில்லை. பின்னாலேயே ஓடி வந்த தாய் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. வராந்தாவின் அந்தக் கோடியில் தகப்பன் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

உள்ளே சின்னக் குரல் ஏதோ சொன்னது. நின்றது. பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, “ஆமா” என்றாள்.

நீதிபதி அம்மாதான் கேட்கிறார் என்று நினைத்து இடுக்கில் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

குழந்தை தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள்.

“இல்ல தாத்தா. அப்பா மொதல்ல லைட்ட அணைப்பாரு. அப்புறம்தான் வெளிய பூட்டுவாரு.”