யார் ரத்தத்திலும் இல்லாதது

டாக்டர் லின்சி காகிதத்தில் நூல் மாதிரி ஒரு கோடும், அதில் மணி மணியாக வட்டங்களும் வரைந்தார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மீட்டர் நீளத்துக்கு டி.என்.ஏ. இருக்கிறதாம், அதைச் சுற்றி அடக்கி வைக்கிற புரதத்துக்கு ஹிஸ்டோன் என்று பேராம். அதைச் செய்கிற மரபணுக்களில் ஒன்றில் மகள் சுவேதாவுக்கு ஒரு சின்னப் பிசகு. செவ்வந்திக்கு அது தரங்கம்பாடிக் கரையில் தினம் பார்க்கிற வேலையாகத்தான் பட்டது. அத்தனை நீள வலையையும் படகின் ஒரு மூலையில் மடித்து அடுக்குவார்கள். மடிப்பு பிசகினால் கடலில் விடுகிற நேரத்தில் பிரியாமல் உயிரை வாங்கும். பதினொரு வயதிலேயே தன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டு, பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் இதைக் கேட்கவா விடியற்காலை பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்தாள்?

"எங்ககிட்டேருந்துதானே வந்துச்சு டாக்டர்? நான் கட்டிக்கிட்டது எங்கம்மாவோட கூடப்பொறந்த தம்பிய."

"இல்லம்மா. உங்க ரெண்டு பேரு ரத்தத்தையும் பாத்தாச்சு, ரெண்டுலயும் இல்ல. இது புள்ளைக்குப் புதுசா, தானா வந்தது. நீங்க சொந்தத்துல கட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் அவர் சலிக்காமல் அதையேதான் சொன்னார்.

நிம்மதி வரும் என்றுதான் நினைத்திருந்தாள். வந்தது ஆத்திரம். சுவேதாவுக்கு இரண்டு வயதில், ஒரு சோதனையும் செய்யாமல், சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று ஒரு டாக்டர் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனவர்தான் புருஷன் இராஜாங்கம். அக்கா மகளைக் கட்டி ஒரு பிள்ளையைப் பாழாக்கிவிட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் குவைத். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி நிறையச் சாமானோடு வருவார். மகள் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கமாட்டார். போன லீவில் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தபோதுகூட, போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போகிறவர் மாதிரிதான் வந்தார். அந்த ஒரு டாக்டர் சொன்ன சொல்லுக்கு ஒன்பது வருஷம் போயிற்று. யாரிடம் போய்க் கேட்பது?

வீடு போய்ச் சேரும்வரை பொறுக்கமுடியவில்லை. பஸ் பாபநாசத்தில் நின்றபோது வீடியோ கால் போட்டாள். வெள்ளிக்கிழமை, அங்கே லீவு. லுங்கியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நம்ம ரெண்டு பேருகிட்டயும் இல்லையாம். தானா வந்ததாம்."

அவர் கை நின்றது.

"நல்லாக் கேட்டியா?"

"நாலு தடவ கேட்டேன்."

போனைக் கீழே வைத்துவிட்டார் போல. மேலே சுற்றுகிற மின்விசிறி மட்டும் தெரிந்தது. திட்டித் தீர்க்க அவளிடம் எவ்வளவோ இருந்தது. போன் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அப்புறம் குரல் வந்தது.

"புள்ளகிட்ட குடு."

ஒன்பது வருஷத்தில் கேட்காத வார்த்தை. செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கொடுத்தாள். சுவேதா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். தனக்குப் பிடித்த எதையும் கையால் மூடிக்கொள்கிற வழக்கப்படி, அந்த முகத்தின் மேல் உள்ளங்கையை முழுசாக வைத்து மூடிக்கொண்டாள்.

பஸ் புறப்பட்டது. மகள் கையை எடுத்துவிடப் போன செவ்வந்தி, அப்படியே விட்டுவிட்டாள். விரல்களுக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது.

"அப்பாவப் பாரு தங்கம்... அப்பாவப் பாரு..."