முதுகெல்லாம் ஆறுச்சாமி

பெருமாட்டிப் பக்கத்தில் பந்து உதைக்க ஆள் இருந்தது, பந்து இருந்தது, அறுப்பு முடிந்து காய்ந்த வயலும் இருந்தது. பெயர்தான் இல்லை. எழுபத்து நாலாம் வருடம் மலையாள நாட்டுச் சித்தூரில், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி வைத்த கமிட்டிக்காரர்கள், பெயரில்லாத கூட்டத்தை ஆட்டத்தில் சேர்க்க முடியாது, கிளப்புக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர்க்காரர்களும் பெயர் வைக்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க இருட்டிவிட்டது.

'பெருமாட்டி' என்று வைத்துவிட்டுப் போகலாமே என்றால், அந்தப் பெயரைப் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்துப் பையன்கள் முந்தின வருடமே பிடித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தவை பதிகளின் பெயர்கள். அந்தப் பக்கத்தில் சின்னக் குடியிருப்புகளைப் பதி என்பார்கள். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் கரட்டுப்பதி, பாதிப் பேர் ஓடைப்பதி. கரட்டுப்பதி என்று வைத்தால் ஓடைப்பதிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். ஓடைப்பதி என்று வைத்தாலோ, கரட்டுப்பதி நல்லமுத்து கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றபடி வருகிற பந்துக்கெல்லாம் வழிவிடுவானாம். ரேடியோ கேட்கிற ஒருவன் பிரேசில் என்று வைக்கலாம் என்றான். பிரேசிலுக்கும் நமக்கும் கொண்டான் கொடுத்தான் உறவா என்று கேட்டு அவனை உட்கார வைத்தார்கள்.

இத்தனை பேச்சும் நடந்தது ஈஸ்வரமூர்த்தியின் களத்தில். பந்தாடும் வயல் அவருடையது. சட்டை எடுத்துத் தருவதாகச் சொன்னவரும் அவர்தான். அதுவரை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் அப்பாவின் பெயரை வைத்தால் எந்தப் பதிக்கும் வருத்தம் வராதே என்றார்.

ஆறுச்சாமிக் கவுண்டர் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இருந்தவரை அவர் எதிரே துண்டைத் தோளில் போட்டவன் கிடையாது. அவர் நடந்து வந்தால் கிணற்றடியில் பேச்சு நிற்கும். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவரு, கவுண்டரு, ஐயன், அவ்வளவுதான். பெயர் என்று ஒன்று இருந்ததே பட்டா மாற்றும்போதுதான் பலருக்குத் தெரிந்தது. இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே வருடத்தில் காற்றாய்ப் போய்விட்டாரே என்பதுதான் ஈஸ்வரமூர்த்தியின் குறை. தாலுகா முழுக்க ஒருமுறையாவது அந்தப் பெயரைச் சொல்லவேண்டும், அதைத் தன் காதால் கேட்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். பாவம், ஆசை அப்படியே பலித்தது.

வீட்டுக்குப் போய் அம்மா மருதாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பந்தாட்டத்துக்கா கண்ணு? உங்கையன் காட்டுல பந்து உழுந்தா அருவாள்ல ரெண்டா வகுந்து குடுக்கறவராச்சே" என்றாள். அடுத்த அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

ஆறுச்சாமிக் கவுண்டர் நினைவுக் கால்பந்துக் கழகம் என்று கமிட்டிக்குப் பெயர் போயிற்று. சட்டை தைத்தவனோ, இத்தனை நீளப் பெயர் முதுகில் ஏறாது, வேண்டுமானால் இரண்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு சட்டை தைக்கிறேன் என்றான். கடைசியில் 'ஆறுச்சாமி' மட்டும் ஏறியது. கவுண்டர் கையோடு கழன்றுபோனார். சித்தூரில் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு சுற்றியவனுக்கு அதுகூட நீளம். இன்றைக்குச் சாயங்காலம் ஆறுச்சாமியும் வண்டித்தாவளமும் மோதுகிறார்கள் என்று மலையாளத்தில் தெருத்தெருவாக முழங்கினான். மற்ற கிளப்பெல்லாம் ஊர்ப் பெயரில் இருந்தன. ஊர் மோதுவது நியாயம். மனுஷர் எப்படி ஒரு ஊரோடு மோதுவார்? ஆனாலும் ஈஸ்வரமூர்த்திக்கு அன்று நெஞ்சு விம்மியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டி நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு போனார்.

விசில் ஊதிய சற்று நேரத்திலேயே அந்த நெஞ்சு சுருங்கிப்போனது. வண்டித்தாவளத்துக் கூட்டம் எடுத்த எடுப்பில், ஆறுச்சாமியை மறிடா, ஆறுச்சாமி காலை வாருடா என்று கத்தத் தொடங்கியது. முதுகில் பெயரோடு ஒருவன் சறுக்கி விழுந்தான். ஆறுச்சாமி மண்ணைக் கவ்விட்டான் என்று மூங்கில் கேலரியே ஆடுகிற மாதிரி சிரித்தது. விழுந்தவன் எழுவதற்குள் இன்னொரு ஆறுச்சாமி எதிராளியின் துணியைப் பிடித்து இழுத்தான். நடுவர் அவனைத் திட்டினார். ஆறுச்சாமி களவாணிப் பயல் என்று தீர்ப்பாயிற்று.

சரி, நம் பக்கத்துச் சனமாவது பதிலுக்குக் கத்தியதா என்றால், அங்கேதான் வந்தது வினை. தோட்டத்து ஆட்கள் பெரியவர் பெயரை எப்படி மொட்டையாகச் சொல்வார்கள்? கொஞ்ச நேரம் நெளிந்தார்கள். பிறகு அதிலேயே தைரியசாலி ஒருவன் கைகட்டிக்கொண்டே, பெரிய கவுண்டருங்க, கொஞ்சம் ஓடுங்க, பந்தை உதைங்க என்று கூவினான். வண்டித்தாவளத்துக்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவன் கேலரியிலிருந்து கீழேயே விழுந்துவிட்டான்.

ஈஸ்வரமூர்த்தி பெண்கள் பக்கம் திரும்பினார். வீட்டுப் பெண்கள் கத்தினால் கூரை பிய்ந்துவிடும் என்பது அவர் அனுபவம். அன்றைக்கென்று எல்லாரும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நீயாவது ஒரு குரல் கொடேன் என்று மனைவி ராசம்மாளிடம் கெஞ்சினார்.

"மாமனார் பேர நான் எப்புடிங்க கூப்புட்டுக் கத்தறது? நாக்கு அழுகிப் போயிறாதுங்களா?" என்றாள் ராசம்மாள்.

எப்படியோ ஒரு கோலில் அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். ஜெயித்தது தோற்றதைவிட மோசமாகப் போயிற்று. தோற்றிருந்தால் அன்றோடு பேச்சு முடிந்திருக்கும். ஜெயித்ததால் ஊரெல்லாம் ஆறுச்சாமியை வாயில் போட்டு மென்றது. டீக்கடையில் ஆறுச்சாமிக்கு மூச்சு வாங்குகிறது என்றார்கள். சலூனில் ஆறுச்சாமிக்கு இடது கால் சுத்தமாக ஆகாது என்றார்கள். சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அம்மாள், ஆறுச்சாமி ஆள்தான் தாட்டியம், மூளை கிடையாது என்று யாரிடமோ சொன்னது ஈஸ்வரமூர்த்தியின் காதில் தெளிவாக விழுந்தது. யார் மேல் கோபப்படுவது? பெயரைச் சொல்லவேண்டும் என்று கேட்டது அவர், சொல்லுகிறார்கள்.

அரை இறுதியும் ஜெயித்தார்கள். அதற்கப்புறம் பயிற்சி ஆட்டம் பார்க்கவே சித்தூரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஈஸ்வரமூர்த்தியே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வயல் பக்கம் வண்டி நின்றது. ஆறுச்சாமியெல்லாம் எறங்கு என்று கண்டக்டர் கத்தினார். மற்ற இடத்தில் ஊர்ப் பெயர் கிளப்புக்கு வரும். இங்கே கிளப்புப் பெயர் இடத்துக்கு வந்துவிட்டது. நாலைந்து பேரோடு சேர்ந்து ஆறுச்சாமியின் மகனும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்குக் கோயில் கட்டுவதாக நினைத்து, அவரைச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே என்று நினைத்து நினைத்து மருகினார்.

மறுநாள் கமிட்டிக்காரர்களைப் போய்ப் பார்த்தார். பெயரை மாற்றவேண்டும், கரட்டுப்பதியோ களிமண்பதியோ ஏதோ ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பாதியில் பெயர் மாறினால் அது வேறு கிளப், வேறு கிளப்புக்கு ஃபைனல் கிடையாது என்று அவர்கள் கையை விரித்தார்கள். அப்படியானால் ஆடவே வேண்டாம் என்று காப்டன் காளிச்சாமியைக் கூப்பிட்டுச் சொன்னார். தென்னை ஏறி உரமேறிய கால் காளிச்சாமிக்கு. ஈஸ்வரமூர்த்தி முன்னால் அதிர்ந்து பேசாத ஆள்.

"பேரு உங்களுதுங்க. காலு எங்களுதுங்க" என்றான். "பேர ஃபைனல் முடிஞ்சதும் எடுத்துக்குங்க. அன்னிக்கி ஒரு நாளைக்கு மட்டும் உட்டுப்போடுங்க."

அதில் நியாயம் இருந்தது. ஃபைனலோடு பெயரை எடுத்துவிடுவது, வயலில் ஏர் கட்டிவிடுவது, தான் மட்டும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருப்பது என்று முடிவு பண்ணினார். ஊர் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. எல்லாம் சரியாக நடந்திருக்கும். ஆனால் ஃபைனல் அன்று மத்தியானம் மருதாத்தாள் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, வண்டியைப் பூட்டச் சொன்னாள். கோயிலுக்கா என்று கேட்டார். பந்தாட்டத்துக்கு என்றாள்.

ஈஸ்வரமூர்த்தி ஒவ்வொரு சாக்காகச் சொல்லிப் பார்த்தார். வெயில் அதிகம் என்றார், கூட்டம் நெரியும் என்றார், தலைவலி என்றார். அவள் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது வருடம் ஐயனுக்குச் சோறு போட்டவள். அவர் பெயரைத் தூக்கத்தில்கூடச் சொன்னதில்லை. அவளை அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்து அந்தப் பேச்சையெல்லாம் கேட்க வைக்கப்போகிறோமே என்று வழியெல்லாம் அவருக்கு அழுகை முட்டியது.

ஃபைனலில் எதிரே ஆடியது சித்தூர். கத்துவதில் சித்தூர்க் கூட்டம் வண்டித்தாவளத்துக்கு அண்ணன். ஆறுச்சாமி கிழவனுக்குக் கோல் எங்கே இருக்கிறதென்று காட்டுங்கடா என்றார்கள். ஆறுச்சாமி வீட்டுக்குப் போடா என்றார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஈஸ்வரமூர்த்தி அம்மா முகத்தைப் பார்த்தார். அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். ஆறுச்சாமி விழுந்தான் என்று கூட்டம் கத்தியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடியப் போகிறது. அந்த நேரம் பார்த்துக் காளிச்சாமிக்குப் பந்து கிடைத்தது. ஒருவனை ஏமாற்றினான், இன்னொருவனைத் தாண்டினான், கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறான், எதிரே திறந்த கோல். காளிச்சாமி அங்கே போய்ப் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, எந்த மூலையில் உதைக்கலாம் என்று யோசித்தான். யோசிக்கிற இடமா அது? ஈஸ்வரமூர்த்திக்கு மண்டைக்குள் என்னமோ அறுந்தது. நாற்காலி மேல் ஏறி நின்றார். காளிச்சாமி என்ற பெயர் அவருக்கு மறந்துபோயிற்று. கண்ணில் தெரிந்தது முதுகில் இருந்த பெயர்தான்.

"டேய் ஆறுச்சாமி, என்னடா பாத்துட்டு நிக்கறே? கோலுக்குள்ள ஒதைடா, பொசகெட்டவனே!"

தோட்டத்து ஆட்கள் அப்படியே தலையைக் குனிந்துகொண்டார்கள். ராசம்மாள் வாயில் கை வைத்தாள். காளிச்சாமி உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே, மூங்கில் வேலிக்கு மேலே, யாரோ ஒருவருடைய கரும்புக் காட்டுக்குள் போய் விழுந்தது. அடுத்த நிமிடமே சித்தூர்க்காரர்கள் இந்தப் பக்கம் வந்து ஒரு கோல் போட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டார்கள்.

ஈஸ்வரமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி அம்மா பக்கத்தில் போய் நின்றார். பெற்ற அப்பனை, இத்தனை சனத்துக்கு முன்னால், டா போட்டு. மருதாத்தாள் முந்தானையை எடுத்தாள். கண் நிறையத் தண்ணீர். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்தே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ சொல்லியாச்சும் கேட்டாரா பாரு" என்றாள். "என்னிக்கிக் கேட்டாரு அவரு."

வண்டி சித்தூரைத் தாண்டியது. பெயரை நாளைக்கே எடுத்துவிடுகிறேன், மன்னித்துக்கொள் அம்மா என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவள் அவசரமாக அவர் தோளைத் தொட்டாள்.

"எடுத்துப்போடாத சாமி. செத்தவிகள யாரு வெய்வாங்க, யாரு திட்டுவாங்க, கும்புடத்தான் செய்வாங்க. உங்கையன் போனதுலருந்து எல்லாரும் அவியளக் கும்புட்டுக் கும்புட்டு, எனக்கே அவிய மொகம் மறந்துபோற மாதிரி ஆயிருச்சு. இன்னிக்கி ஊரே வெய்யுது, ஓடுன்னுது, உழுந்தான்னுது. நீயும் உம்பங்குக்கு வெஞ்சே. அவிய உசுரோட எம்முன்னால ஓடுனாப்பல இருந்துச்சு."

ஈஸ்வரமூர்த்திக்கு எதிரே தடம் தெரியவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி, சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். மருதாத்தாள் அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"வயல்ல ஏரு கட்ட வேண்டாம்னு நாளைக்கே ஆளுககிட்டச் சொல்லிப்போடு" என்றாள். "அப்பறம், அடுத்த வருசம் எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாத் தெரியும்னு காளிச்சாமிகிட்டக் கேட்டு வையி."